மறுகால் பாயும் நீர்

நுழையும்முன்

தலைமை என்றவுடன் மேடையும் மாலையும் முழக்கமும் நம் கண்முன் தோன்றுகின்றன. அவையெல்லாம் ஒருநாள் காட்சிகள். மறுநாள் நடக்கவேண்டிய பணியை யார் செய்வது என்னும் வினாவே தலைமைக்குரிய தேர்வு. புதுக்கோட்டை மண்ணில் பிறந்தோரும் அங்கு வந்து பணியாற்றியோரும் அவ்வினாவுக்குத் தம் வாழ்வால் அளித்த விடைகளை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கண்மாய் கற்பிக்கும் பாடம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. தெற்கு வெள்ளாறு அதனூடே சென்றாலும் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு அன்று. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்யும் மழையைத் தேக்கிவைத்தே அங்குள்ளோர் உழவு செய்து வந்தனர். ஆகவே, ஊர்தோறும் கண்மாய்களும் குளங்களும் ஊருணிகளும் அமைந்தன. அவற்றை வெட்டியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் மறைந்துபோயின. அவர்கள் வெட்டிய கண்மாய்களோ இன்றும் நீரைத் தாங்கி நிற்கின்றன.

கண்மாய்க்கு மூன்று அமைப்புகள் இன்றியமையாதவை. வரத்துவாய்க்கால் நீரைக் கொண்டுவரும். மடை, வயல்களுக்கு நீரைத் திறந்துவிடும். கலிங்கு, நிறைந்து மிகும் நீரை வெளியேற்றும். கலிங்கைக் கடந்து நீர் வெளியேறுவதை 'மறுகால் பாய்தல்' என்பர். மேலைக் கண்மாயின் மறுகால் நீர், கீழைக் கண்மாய்க்கு வரத்து நீராகும். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகக் கண்மாய்கள் சங்கிலிபோல் இணைந்திருக்கும்.

நீர் முழுவதும் தமக்கே வேண்டும் என்று மேலூரார் கலிங்கை அடைத்துவிட்டால் என்னவாகும்? சில நாள்கள் கண்மாய் கடல்போலத் தோன்றும். கனமழை பெய்யும் ஓர் இரவில் கரை உடையும். பின்னர்க் கீழூருக்கும் நீரில்லை, மேலூருக்கும் நீரில்லை.

தலைமையும் இத்தகையதே. அறிவு, அதிகாரம், புகழ் ஆகியவற்றைத் தம்மிடமே தேக்கிக்கொள்பவர், அடுத்து வருவோரை வறியவராக்குகிறார். தாம் கட்டிய அமைப்பையும் ஒருநாள் உடையச் செய்கிறார். தம் பணி தமக்குப் பின்னும் பாயுமாறு வழியமைப்பவரே தலைவர். புதுக்கோட்டையின் வரலாறு இதற்குப் பல சான்றுகளைத் தருகிறது.

அடைக்கலமாக வந்த அதிகாரம்

1948ஆம் ஆண்டு இந்திய ஒன்றியத்துடன் இணையும்வரை, தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் தனி அரசாக விளங்கியது புதுக்கோட்டை. அவ்வரசின் திவானாக 1878ஆம் ஆண்டு பொறுப்பேற்றவர் சேஷையா சாஸ்திரியார். தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த அமராவதி என்னும் சிற்றூரில் 1828ஆம் ஆண்டு பிறந்த அவர், அதற்குமுன் திருவிதாங்கூர் அரசின் திவானாகப் பணியாற்றிப் பட்டறிவு பெற்றிருந்தார்.

அக்காலத்தில் புதுக்கோட்டையில் நிலவரி வாங்குவதில் அமானி முறை வழக்கிலிருந்தது. விளைச்சலை அரசும் உழவரும் பகிர்ந்துகொள்ளும் முறை அது. கேட்பதற்கு நேர்மையானதாகத் தோன்றினாலும், அறுவடை முதல் களத்து அளவை வரை ஊழியர்களின் மேற்பார்வையை எதிர்நோக்கி உழவர் காத்திருக்க நேர்ந்தது; முறைகேட்டுக்கும் இடமிருந்தது. சாஸ்திரியார் அம்முறையை அகற்றி, பணமாக வரி செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். தாம் செலுத்த வேண்டியது இவ்வளவு என்று உழவருக்கு முன்கூட்டியே தெரிந்தது. நகரின் குளங்களும் அவர் காலத்தில் சீராக்கப்பட்டன.

1886ஆம் ஆண்டு மன்னர் இராமச்சந்திர தொண்டைமான் மறைந்தார். அரியணைக்குரிய மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அப்போது சிறுவர். எனவே, அவர் சார்பில் ஆட்சியை நடத்தும் பொறுப்பு சாஸ்திரியாரிடம் வந்தது. அரசின் முழு அதிகாரமும் ஏறத்தாழ எட்டாண்டுகள் அவர் கையில் இருந்தது. இளவரசர் உரிய வயதை அடைந்ததும், 1894ஆம் ஆண்டு அப்பொறுப்பை ஒப்படைத்துவிட்டு அவர் விலகினார்.

பிறருக்குரிய பொருளை அடைக்கலமாகப் பெற்றவர், அதனைப் பெருக்கித் திருப்பித் தருவதே அறம். அதிகாரமும் அடைக்கலப் பொருளே. வகுப்புத் தலைவர் முதல் மாவட்ட ஆட்சியர் வரை எப்பொறுப்பும் ஒருநாள் திருப்பித் தரவேண்டியதே. அதனை உணர்ந்தவர், தாம் விலகும் நாளில் அடுத்தவர் தடுமாறாதவாறு கணக்கையும் களத்தையும் ஒழுங்குபடுத்தி வைப்பார்.

1880ஆம் ஆண்டினைத் தொடக்க ஆண்டாகக் கொண்ட மகாராஜா கல்லூரி, சாஸ்திரியார் காலத்தில் வளர்ந்த நிறுவனங்களுள் ஒன்று. இன்று அது மன்னர் கல்லூரி என்னும் பெயரில் இயங்குகிறது. அக்கல்லூரியின் வாயில் பின்னாளில் யாருக்கெல்லாம் திறக்கும் என்பதை அதனை வளர்த்தவர்கள் அறிந்திருக்க இயலாது.

திறந்த கதவை மூடாதவர்

முத்துலெட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி கல்வியாளர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபினர். பெண்கள் பருவமெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட காலம் அது. வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்ற முத்துலெட்சுமி, மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். ஆண்கள் பயிலும் கல்லூரியில் ஒரு பெண் சேர்வதற்கு எதிர்ப்பு எழுந்தது. அதனைப் பொருட்படுத்தாது இசைவளித்தவர் மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான். எவருக்காகச் சாஸ்திரியார் ஆட்சியைக் காத்து ஒப்படைத்தாரோ, அவரே ஒரு மாணவிக்குக் கல்லூரியின் கதவைத் திறந்துவிட்டார். ஒரு கண்மாயின் மறுகால் அடுத்த கண்மாயைச் சென்றடைந்தது.

1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முத்துலெட்சுமி, 1912ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். அத்துடன் அவர் நிறைவடைந்திருக்கலாம். புகழ்பெற்ற மருத்துவராகச் செல்வ வாழ்வு வாழ்ந்திருக்கலாம். ஆயினும், தாம் நுழைந்த கதவு தமக்குப்பின் மூடிக்கொள்ளுமானால் அது வெற்றியாகாது என்பதை அவருடைய பிற்காலப் பணிகள் ஒவ்வொன்றும் உணர்த்துகின்றன.

சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகப் பொறுப்பேற்ற அவர், 1927ஆம் ஆண்டு அதன் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இளஞ்சிறுமியரைக் கோவில்களுக்கு நேர்ந்துவிடும் தேவதாசி முறையை ஒழிக்க முனைந்தார். அம்முறையால் விளைந்த துன்பத்தைத் தம் தாய்வழிக் குடும்பத்தின் வாயிலாக அவர் அறிந்திருந்தார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் மக்களிடையே அதே நோக்கத்துக்காகப் போராடி வந்தனர். 1930ஆம் ஆண்டு காந்தியடிகள் சிறைப்படுத்தப்பட்டபோது, முத்துலெட்சுமி தம் பதவியைத் துறந்தார். தேவதாசி முறையை முற்றிலும் தடை செய்யும் சட்டம் 1947ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. அவர் அவையைவிட்டு நீங்கிப் பதினேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் தொடங்கியதை வேறு கைகள் முடித்தன.

சட்டம் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. அம்முறையிலிருந்து விடுபட்டு வந்த சிறுமியருக்குத் தங்க இடம் கிடைக்காதபோது தம் இல்லத்திலேயே இடம் தந்தார். 1930ஆம் ஆண்டு அவ்வாறு உருவானதே அவ்வை இல்லம். சட்டம் பின்னாளின் கதவு. அவ்வை இல்லமோ அன்றிரவே தேவைப்பட்ட கூரை. சிறந்த தலைவர் இரண்டையும் அறிந்திருப்பார்.

துயரம் நிறுவனமானது

முத்துலெட்சுமியின் தங்கை 1923ஆம் ஆண்டு புற்றுநோயால் இறந்தார். மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தாளைக் காக்க இயலவில்லை என்பது அவரை விட்டு நீங்காத் துயராயிற்று. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை எதற்கு என்னும் ஐயம் பரவலாக இருந்த காலம் அது. அவர் அயராது நிதி திரட்டினார். அறிஞர்களையும் அரசையும் அணுகினார். 1952ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனைக்குப் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு 12 படுக்கைகளுடன் அது செயல்படத் தொடங்கியது. தங்கையின் மறைவுக்கும் மருத்துவமனையின் தொடக்கத்துக்கும் இடையே 31 ஆண்டுகள் கடந்தன. அப்போது முத்துலெட்சுமிக்கு வயது 67.

மருத்துவமனையின் சிறப்பு அதன் தொடக்க விழாவில் இல்லை. அவருடைய மகனும் அறுவை மருத்துவருமான கிருஷ்ணமூர்த்தி அப்பணியைத் தோளில் ஏற்றார். 1955ஆம் ஆண்டு இளம் மருத்துவராக அங்கு வந்து சேர்ந்த சாந்தா, 2021ஆம் ஆண்டு தாம் மறையும்வரை அறுபத்தைந்து ஆண்டுகள் அந்நிறுவனத்துடனேயே வாழ்ந்தார். 1968ஆம் ஆண்டு முத்துலெட்சுமி மறைந்தபின் எவரும் கதவைப் பூட்டவில்லை. எளியோருக்கு மருத்துவம் தொடர்ந்தது. நிறுவியவர் இல்லாத நாளிலும் நோயாளி நம்பிக்கையுடன் வந்து நிற்கும் இடமே நிறுவனம்.

தெரிந்து தெளிவோம்

மருத்துவர் முத்துலெட்சுமி ரெட்டி பிறந்த ஜூலை 30ஆம் நாள், தமிழ்நாட்டில் மருத்துவமனை நாளாகக் கொண்டாடப்படுகிறது. கருவுற்ற தாய்மாருக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டமும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

தொண்டராக மாறிய தலைவர்

புதுக்கோட்டைச் சீமையின் திருமயத்தில் 1887ஆம் ஆண்டு பிறந்தவர் சத்தியமூர்த்தி. நாவன்மையால் நாட்டு விடுதலை வேட்கையை ஊட்டியவர். தேவதாசி முறை ஒழிப்பில் அவர் முத்துலெட்சுமியின் கருத்தை ஏற்கவில்லை. அவையில் எதிர்த்து வாதிட்டார். காலம் முத்துலெட்சுமியின் பக்கமே தீர்ப்பு வழங்கியது. பெரியோர் எனப்படுவோர் எல்லாவற்றிலும் பிழையற்றவர் அல்லர். ஒருவரிடம் கொள்ள வேண்டியதைக் கொண்டு தள்ள வேண்டியதைத் தள்ளுவதே வரலாற்றைப் படிக்கும் முறை. சத்தியமூர்த்தியிடம் கொள்ளத்தக்கவை இரண்டு.

1936ஆம் ஆண்டு சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரசின் தலைவரானபோது, தம்மைவிடப் பதினாறு வயது இளையவரான காமராசரைச் செயலாளர் ஆக்கினார். 1940ஆம் ஆண்டு காமராசர் தலைவரானார். அப்போது சத்தியமூர்த்தி அவருக்குக் கீழ்ச் செயலாளராகப் பணியாற்றினார். தாம் வளர்த்த ஒருவரைத் தம் இருக்கையில் அமரச் செய்வது அரிது. அவருக்குக் கீழ் அமர்ந்து பணி செய்வது அதனினும் அரிது. தலைமையைப் பதவியாகக் கருதியவரால் அது இயலாது. பணியாகக் கருதியவருக்கே அது இயலும். 1954ஆம் ஆண்டு முதலமைச்சரானபோது, மறைந்த சத்தியமூர்த்தியின் இல்லத்துக்குச் சென்று காமராசர் வணங்கினார். பள்ளிகளைத் திறந்து பகலுணவு தந்த அவருடைய ஆட்சிக்கு வரத்து நீராக அமைந்தவற்றுள் திருமயத்துக்காரரின் பெருந்தன்மையும் ஒன்று.

இரண்டாவது, பூண்டி நீர்த்தேக்கம். 1939ஆம் ஆண்டு சத்தியமூர்த்தி சென்னையின் மேயரானார். நகரம் குடிநீர்த் தட்டுப்பாட்டால் வருந்தியது. கொசத்தலை ஆற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் அமைக்க அவர் முனைந்தார். 1940ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. 1942ஆம் ஆண்டின் விடுதலைப் போராட்டத்தில் சிறைப்பட்டு உடல்நலம் குன்றிய அவர், 1943ஆம் ஆண்டு மறைந்தார். நீர்த்தேக்கம் 1944ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அந்நீர் நகரைச் சென்றடைந்ததை அவர் காணவில்லை. இன்று அதன் பெயர் சத்தியமூர்த்தி சாகர். வானம் பார்த்த மண்ணில் பிறந்த ஒருவர், மற்றொரு நகரின் தாகத்தைத் தணிக்க வழி செய்தார்.

கைமாறிச் செல்லும் கடிதங்கள்

தலைமைப் பண்பு அரசியலுக்கும் ஆட்சிக்கும் மட்டும் உரியதன்று. புதுக்கோட்டையை அடுத்த பெருங்களூரில் 1922ஆம் ஆண்டு பிறந்த எழுத்தாளர் அகிலன், இரயில்வே அஞ்சல் துறையில் ஊழியராக வாழ்வைத் தொடங்கினார். ஓடும் இரயிலில் இரவெல்லாம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் பைகளில் கட்டி, உரிய நிலையங்களில் இறக்குவது அத்துறையின் பணி. ஒரு கடிதம் பலர் கைபட்டே உரியவரைச் சேர்கிறது. எந்த ஒரு கையும் அதனை முழுத் தொலைவும் சுமப்பதில்லை. ஆயினும், ஒரு கை தவறினால் கடிதம் வழிதவறும். பெயர் தெரியாத ஊழியரின் கவனமே எங்கோ ஒரு வீட்டில் காத்திருக்கும் தாயின் நிம்மதி.

அத்தகைய பணிக்கிடையே அகிலன் எழுதினார். முழுநேரமும் எழுத்துக்கே அளிக்க விரும்பிப் பின்னர் அப்பணியைவிட்டு விலகினார். அவருடைய 'வேங்கையின் மைந்தன்' புதினத்துக்கு 1963ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இராசேந்திர சோழன் காலத்தைக் களமாகக் கொண்ட அப்புதினத்தில், புதுக்கோட்டைப் பகுதியின் பழம்பதியான கொடும்பாளூரின் வேளிர் குலத்து இளைஞன் முதன்மை இடம் பெறுகிறான். 'சித்திரப்பாவை' புதினத்துக்காக 1975ஆம் ஆண்டின் ஞானபீட விருதைப் பெற்று, அவ்விருதினை அடைந்த முதல் தமிழ் எழுத்தாளர் ஆனார். முன்னோரின் வரலாற்றைப் பெற்று, அதனைக் கதையாக்கிப் பின்னோர் கையில் சேர்ப்பதும் அஞ்சற்பணி போன்றதே. எழுத்தாளரின் கலிங்கு அவர் எழுதிய நூல்.

ஆயிரம் தலைவியர்

இதுவரை கூறியவை பெயர்பெற்றோரின் வரலாறுகள். பெயர் அறியப்படாதோர் ஒன்றுகூடித் தலைமையேற்ற வரலாறும் புதுக்கோட்டைக்கு உண்டு. 1991ஆம் ஆண்டு அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கூலி வேலை முடித்துத் திரும்பிய பெண்கள், மாலையில் விளக்கொளியில் அமர்ந்து எழுத்துக் கற்றனர். கற்பித்தோருள் பெரும்பாலோர் ஊதியம் பெறாத இளைஞர்கள், இளம்பெண்கள்.

ஊர் ஊராகச் சென்று கற்பிக்க வேண்டிய பெண் தொண்டர்கள் பேருந்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. தந்தையையோ அண்ணனையோ துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. இத்தடையை நீக்க, எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. மிதிவண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்யப்பட்டது. கேலிப் பேச்சுகள் எழாமல் இல்லை. ஆயினும், கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் வண்டியையே வாங்கினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொண்டு சென்றனர். 1992ஆம் ஆண்டு மகளிர் நாளன்று 1500க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டியில் புதுக்கோட்டை நகரை வலம்வந்தனர்.

இதில் ஆட்சியரின் பங்கு பெரிது. எனினும், ஆட்சியர் ஒருவர் எல்லா ஊர்களிலும் நின்று கற்பிக்க இயலாது. இன்று கற்றவள் நாளை தன் தங்கைக்குக் கற்பித்தாள். தாய் மகளுக்குக் கற்பித்தாள். ஆட்சியர்கள் மாறுவர், திட்டங்கள் முடிவுறும். சமநிலை பிறழாமல் ஓட்டக் கற்ற கால்கள் அதனை மறப்பதில்லை. எழுத்தோ படிக்கப் படிக்க மட்டுமே தங்கும். நூலும் செய்தித்தாளும் கைக்கு எட்டாவிடில் கற்ற எழுத்தும் மங்கும். ஆகவே, தொடங்குவோர்க்கு உள்ள பொறுப்பு தொடர்வோர்க்கும் உண்டு.

நம் கையில் உள்ள பணி

இவ்வரலாறுகளைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். சாஸ்திரியார் அதிகாரத்தைத் திருப்பித் தந்தார். முத்துலெட்சுமி தம் துயரத்தைப் பிறரின் மருந்தாக்கி, அதனைக் காக்கும் கைகளையும் உருவாக்கினார். சத்தியமூர்த்தி தம் தொண்டருக்குத் தொண்டரானார். அகிலன் பெற்றதைப் பின்னோர்க்கு அனுப்பினார். அறிவொளிப் பெண்கள் தாம் கற்றதைத் தம் வீட்டிலேயே கற்பித்தனர். அவரவர் காலமும் துறையும் வேறு. ஆயினும் ஒவ்வொருவரின் பணியும் அவரைக் கடந்து சென்றது.

மேனிலைப் பள்ளியில் பயிலும் மாணவர் திவானாகவோ மேயராகவோ இருக்க வேண்டுவதில்லை. அவர் பொறுப்பிலும் ஏதேனும் ஒன்று இருக்கும். அது நூலக அலமாரியின் திறவுகோலாக இருக்கலாம். விளையாட்டுக் குழுவின் தலைமையாக இருக்கலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நட்ட மரக்கன்றாக இருக்கலாம். தேர்வு முடிந்து பள்ளியைவிட்டு நீங்கும் நாளில் அத்திறவுகோலை யாரிடம் தருவது, அக்கன்றுக்கு யார் நீரூற்றுவது, தாம் அறிந்த கணக்கின் நுட்பத்தை எந்த இளையவருக்குச் சொல்லித்தருவது என்று எண்ணி முன்கூட்டியே ஏற்பாடு செய்பவர் தலைமைப் பண்பைப் பெறத் தொடங்கிவிட்டார்.

கண்மாய்களைப் பற்றியும் அவ்வாறே எண்ண வேண்டும். ஊரார் கூடிக் கண்மாயைத் தூர்வாரிக் கரையைப் பேணிய வழக்கத்தைக் குடிமராமத்து என்பர். வரத்துவாய்க்கால் தூர்ந்தும் கலிங்கு சிதைந்தும் கிடக்கும் இடங்களில், நீர் மட்டும் நிற்கவில்லை. ஊரார் கூடிச் செய்யும் வழக்கமும் நின்றுவிட்டது. அதனை மீண்டும் தொடங்க அரசாணை மட்டும் போதாது. மண்வெட்டியுடன் முதலில் இறங்கும் ஒருவரும், மறுநாள் அவர் வராவிட்டாலும் பணியைத் தொடரும் பத்துப் பேரும் வேண்டும். முதலில் இறங்குபவர் அப்பத்துப் பேரையும் உருவாக்கிவிடுவாரானால், அடுத்த கார்த்திகை மழையில் அவ்வூர்க் கண்மாய் நிறையும். மறுகால் பாய்ந்து அடுத்த ஊரையும் சென்றடையும்.